மௌரீனியாவின் தலை எங்கே?

"ஆ...! ஜீசஸ்! ஆ...!"

அலறல் கேட்டபோது சங்கமித்ரா தோளிலிருந்து பையைக்கூட இறக்கியிருக்கவில்லை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் பூச்சி அருங்காட்சியகம். வரிசை வரிசையாய் இரும்பு அலமாரிகள். உள்ளே லட்சக்கணக்கில் செத்த பூச்சிகள். இத்தனை பிணங்களுக்கு நடுவே இதுவரை யாரும் அலறியதில்லை!

ஓடினாள்.

அவளை முந்திக்கொண்டு லத்தியோடு ஓடினார் செக்யூரிட்டி ஆபீசர் பெருமாள்சாமி. வேலூர்ப் பக்கத்து ஆள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆகி, தொம்மலூரில் வீடு பார்த்து, இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த நாளிலிருந்து, ஒரு திருட்டாவது நடக்காதா என்று ஏங்கிக்கொண்டிருப்பவர்.

"இன்னா மேடம்? இன்னா ஆச்சு?"

அலமாரியில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தார் மௌரீன். இந்தச் சேகரிப்பு முழுவதுக்கும் பொறுப்பாளர். லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் அனுமதி இல்லாமல் இந்த அறையில் ஒரு பூச்சி உள்ளே வராது. செத்ததானாலும் சரி, உயிரோடு இருப்பதானாலும் சரி.

"பாடி மேன்... பாடி மட்டும் கிடக்கு... தலை இல்ல!"

பெருமாள்சாமியின் முகம் மலர்ந்தது. சட்டென்று அதைச் சோகமாக மாற்றிக்கொண்டார்.

"எங்க மேடம் பாடி?"

"அதோ. அந்தப் பெட்டில."

மேஜை மேல் ஒரு கையகல மரப்பெட்டி.

"அடப்பாவி! இவ்ளோ சின்னப் பெட்டிக்குள்ளயா அடைச்சிட்டான்?"

எட்டிப் பார்த்தார்.

குண்டூசியில் குத்தப்பட்ட ஓர் ஈ.

தலையில்லாத ஈ!

"மேடம்... இது ஈ."

"வெறும் ஈயா? ஹோலோடைப் மேன் அது! மௌரீனியா!"

சங்கமித்ராவின் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது.

மௌரீனியா!

நேற்று மாலை அந்தப் பெட்டியைக் கடைசியாகத் தொட்டவள் அவள்தான்.

---

"மொதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அப்புறம் உன்னைக் கைது பண்றேன்" என்றார் பெருமாள்சாமி.

"உங்களுக்குக் கைது பண்ற அதிகாரம் இருக்கா சார்?"

"இல்ல. ஆனா உக்கார வெச்சு விசாரிக்கலாம். உக்காரு."

உட்கார்ந்தாள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து வருகிறவள். தாத்தா காலம் வரை எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து முதல் முறையாக ஒருத்தி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற சுபாவம். ஈக்களின் வம்சவரிசையை எழுதுகிறவளுக்கு அந்தச் சுபாவம் நல்லது. விசாரணையில் மாட்டுகிறவளுக்கு ரொம்பக் கெடுதல்.

"ஹோலோடைப்புன்னா இன்னா?"

"ஒரு புது உயிருக்குப் பேரு வைக்கறப்போ, இதுதான் அதுன்னு உலகத்துக்குக் காட்ட ஒரே ஒரு உடம்ப எடுத்து வைப்பாங்க சார். அந்தப் பேருக்கு அதுதான் அத்தாட்சி. சிவப்புச் சீட்டு குத்தியிருக்கும். அது போச்சுன்னா வேற கிடையாது."

"மௌரீனியான்னா மௌரீன் மேடம் பேரா?"

"ஆமா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம டைரக்டர் சுதீர் சார் வெச்சது."

"இன்னா அப்படி ஒரு ஸ்பெஷல் இதுல?"

"உடம்பப் பாத்தா வீட்டு ஈயோட நெருங்கின சொந்தம். ஆனா தலைல நீளமா, கணு கணுவா உணர்கொம்பு. அது ரொம்பப் பழைய குலம் சார். கொசுப் பக்கத்து உறவு."

"அப்பா ஜாடை பாதி, அம்மா ஜாடை பாதி!"

"அப்படி ஈல நடக்காது சார். அதனாலதான் இது ரெண்டு குலத்துக்கும் நடுவுல பாலம்னு சுதீர் சார் எழுதினார். உலகம் பூரா பேரு வாங்கினார். ஆனா நான் போடற வம்சவரிசைல இதை எங்க வெச்சாலும் உட்கார மாட்டேங்குது. காலுல இருந்து ஒரு துணுக்கு எடுத்து டிஎன்ஏ பாத்தேன். சுத்தமா வீட்டு ஈ பக்கம்! நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு திரும்பத் திரும்பச் செஞ்சேன். அதே பதில். அதனால தலைல இருந்தும் ஒரு துணுக்கு வேணும்னு கேட்டிருந்தேன். இன்னிக்கு மூணு மணிக்கு ஆய்வுக் குழு முன்னாடி அதைப் பத்திப் பேசணும்."

பெருமாள்சாமி எழுந்து நடந்தார். திரும்பினார். லத்தியை உள்ளங்கையில் தட்டினார்.

"நீ தலைய கேட்ட... உடனே தலைய காணோம்!"

"நான் எடுக்கல சார்!"

"நேத்து இன்னா பண்ண? ஒண்ணு விடாம சொல்லு."

"மைக்ராஸ்கோப்புல வெச்சுத் தலைய வரைஞ்சேன். பெட்டில வெச்சேன். மூடினேன். அப்புறம்..."

முகம் வெளுத்தது.

"அப்புறம்...?"

"தும்மினேன்."

சுவரில் மௌரீன் ஒட்டிய அறிவிப்பு கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அவளை முறைத்தது: 'திறந்த பெட்டி முன் தும்மாதே. சிரிக்காதே. பெருமூச்சு விடாதே.' காய்ந்துபோன பழைய ஈக்கள் அப்பளம் மாதிரி. ஒரு தும்மலுக்குத் தலை, கால், இறக்கை எது வேண்டுமானாலும் பறக்கும்.

"மூடின பிறகு தும்மினியா, மூடறதுக்கு முன்னாடி தும்மினியா?" மௌரீன் பாய்ந்தார்.

"மூடின பிறகுதான் மேடம்... அப்படித்தான் நெனைக்கறேன்."

"நெனைக்கறியா?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டேன். முழங்கைக்குள்ளதான் தும்மினேன். மூடி இருந்தது... இருந்ததா?"

"அம்மாடி" என்றார் பெருமாள்சாமி. "ராணுவத்துல எதிரியே இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டது இல்ல!"

---

"ஏனாயிது? யாரு மாடிது?"

டைரக்டர் சுதீர் புயலாக வந்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். ரத்தக் கொதிப்பு ஏறினால் மட்டும் கன்னடம். ஈயைப் பார்த்தார். தமிழ் நின்றே போயிற்று.

"அய்யோ தேவ்ரே! அய்யோ தேவ்ரே!"

"சார், பதறாதீங்க. சந்தேகப்படற ஆளைப் பிடிச்சாச்சு" என்றார் பெருமாள்சாமி.

"யாரு?"

"இந்தப் பொண்ணு. ஆயுதம், தும்மல்."

சுதீரின் பார்வை சங்கமித்ரா மேல் விழுந்தது.

"உலகத்துல ஒரே ஒரு மௌரீனியா. எல்லாப் பாடப் புஸ்தகத்துலயும் அதோட படம். அதுக்கு முன்னாடி போய்த் தும்மினியாம்மா?"

"சார்... சாரி சார்... நான் தும்மினது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு..."

"மூணு மணிக்குள்ள தலை வரணும். வரலைன்னா யுனிவர்சிட்டிக்கு எழுதுவேன். ஹோலோடைப்ப ஒடைச்சவளுக்கு எந்த மியூசியமும் கதவு திறக்காது. நாளைல இருந்து நீ ரயில் ஏற வேண்டாம்!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

சங்கமித்ராவுக்கு அழுகை வந்தது. அடக்கினாள். பெட்டி திறந்திருந்தது.

---

தேடுதல் வேட்டை!

பெருமாள்சாமி தரையில் மண்டியிட்டார். டார்ச் அடித்தார். மெல்லிய பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் கூட்டினார்.

"கிடைச்சிருச்சு! உருண்டையா, கருப்பா..."

சங்கமித்ரா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"கடுகு சார்."

"இங்க எப்படி கடுகு?"

"நேத்து நீங்கதான் இங்க நின்னு எலுமிச்சை சாதம் சாப்பிட்டீங்க" என்றார் மௌரீன். "நான் பாக்கலைன்னு நெனைச்சீங்களா?"

பெருமாள்சாமி பேச்சை மாற்றினார். மேலும் தேடினார். ஒரு கரப்பான் கால் கிடைத்தது. ஒரு ஸ்டேப்ளர் பின். மௌரீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விடும்மா சங்கமித்ரா. பழசு. ஒடைஞ்சிருக்கும். ஆக்சிடென்டுன்னு எழுதி மூடிடலாம். நான் சார் கிட்ட பேசறேன்."

நல்ல மனசு என்று நினைத்தாள் சங்கமித்ரா. ஆனால் மனசு கேட்கவில்லை. தானே தலையை உடைத்தோமா இல்லையா? அது தெரியாமல் வீட்டுக்குப் போனால் இன்று மட்டும் இல்லை, வாழ்நாள் முழுவதும் தூக்கம் வராது.

தலை கிடைக்கவில்லை. கழுத்து இருக்கிறதே!

உடம்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குவியத்தைத் திருகினாள்.

கழுத்து தெளிவாக வந்தது.

மூச்சை நிறுத்தினாள். இந்த முறை தும்மல் பயத்தால் அல்ல.

"பெருமாள்சாமி சார்... இங்க வாங்க."

"இன்னா?"

"கழுத்துல பளபளன்னு ரோஸ் கலர்ல ஏதோ இருக்கு பாருங்க."

"ரத்தமா?"

"ஈக்கு ரோஸ் ரத்தம் கிடையாது சார். நெயில் பாலிஷ்!"

"ஈக்கு நெயில் பாலிஷா! அதுவும் கழுத்துலயா!"

"ஒடைஞ்ச பூச்சிய ஒட்டறதுக்கு அந்தக் காலத்துல நெயில் பாலிஷ் வைப்பாங்க. ஒட்டினா ஒட்டினதுன்னு ஒரு சீட்டு குத்தியே ஆகணும். இதுல சீட்டு இல்ல. அப்படின்னா... இந்தத் தலையே ஒட்ட வெச்ச தலை சார்!"

பெருமாள்சாமிக்கு வியர்த்தது.

"இன்னும் இருக்கு. தும்மி ஒடைஞ்சா பாலிஷ் கண்ணாடி மாதிரி வெடிச்சு, விளிம்பு கூரா நிக்கும். இது கரைஞ்சு வழிஞ்சிருக்கு. அதுல ஒரு பஞ்சு நூல் ஒட்டியிருக்கு. யாரோ பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு, பொறுமையா கரைச்சு, தலைய தனியா எடுத்திருக்காங்க."

"அப்போ நீ கொலை பண்ணல!"

"திருட்டு சார்."

"தலைய எடுத்தா எங்க ஊர்ல கொலைதான்!"

---

"காரணம் யாருக்கு இருக்கு?" பெருமாள்சாமி காதருகே கிசுகிசுத்தார். "தலை ஒட்டு போட்டதுன்னு தெரிஞ்சா யாரு பேரு போகும்? டைரக்டர் பேரு!"

"சுதீர் சாரா? சீ... இருக்காது."

"ஏன் இருக்காது?"

இருவரும் டைரக்டர் அறைக்குள் நுழைந்தார்கள். பெருமாள்சாமி நுழைந்த வேகத்தில் மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்தார்.

"வாசனை வருது! பாலிஷ் ரிமூவர்!"

"அது ஆஃப்டர் ஷேவ்" என்றார் சுதீர் சோர்வாக. "கீழ வைங்க."

அவர் கையில் ஒரு பழைய அறிவியல் இதழ். அட்டையில் மௌரீனியாவின் படம். கண்கள் சிவந்திருந்தன.

"சார்," என்று தயங்கினாள் சங்கமித்ரா. "தலைல துணுக்கு எடுக்க நான் கேட்டிருந்தேனே... நீங்க வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?"

"எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்? நேத்து சாயங்காலமே சரின்னுட்டேன். டிஎன்ஏ பாத்தா என் பக்கம்தான் ஜெயிக்கும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

பெருமாள்சாமியின் முகம் தொங்கிப் போயிற்று. குற்றவாளி கையை விட்டு நழுவுகிறார்!

"மேடம் பேரை எதுக்கு சார் வெச்சீங்க?" கடைசி முயற்சியாகக் கேட்டார்.

"அதுவா? மௌரீன் கிட்ட அலமாரி சாவி வாங்கறது எமன் கிட்ட உயிர் வாங்கற மாதிரி. பேரு வெச்சேன். அன்னிக்கே டூப்ளிகேட் சாவி குடுத்தாங்க!"

"நீங்க சரின்னு சொன்னது யாருக்கெல்லாம் தெரியும் சார்?" சங்கமித்ரா கேட்டாள்.

"உனக்கே இன்னும் சொல்லலயே. மௌரீன் கிட்ட மட்டும் சொன்னேன். காலைல பெட்டிய எடுத்து வைக்கணும்ல?"

வெளியே வந்தார்கள்.

"கேஸ் குழம்பிப் போச்சு. நெஞ்சு வேற எரியுது" என்றார் பெருமாள்சாமி. "மௌரீன் மேடம் டப்பால கேப்சூல் இருக்கும். ஒண்ணு போட்டுட்டு வரேன். வயிறு சரியானாதான் மூளை வேலை செய்யும்."

அவர் போய்விட்டார்.

சங்கமித்ரா நடைபாதையில் நின்றாள். ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

நெயில் பாலிஷ். ரிமூவர். மௌரீனுக்கு மட்டும் தெரிந்த சம்மதம்.

காலையில் நெஞ்சில் வைத்திருந்த அந்தக் கை...

நகங்கள்!

மௌரீன் மேடத்தின் விரல்களை நகப்பூச்சு இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. ஈஸ்டருக்கு ஒரு கலர், கிறிஸ்துமஸுக்கு ஒரு கலர், சாதாரண நாளுக்கு ரோஸ். இன்று...? வலது கையின் மூன்று விரல்களில் மட்டும் வெறும் நகம்! பஞ்சைப் பிடித்த விரல்கள்!

ஓடினாள்.

---

மௌரீன் வாஷ்பேசினில் டீக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம். உங்க நகம்..."

கோப்பை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடியது.

"நல்லா கவனிக்கறம்மா நீ" என்றார் மௌரீன். குழாயை மூடினார். "தும்மினேன்னு ஒத்துக்கறப்பவே நெனைச்சேன். இவ்ளோ நேர்மையான பொண்ணு ஆபத்துன்னு."

"மேடம்! நீங்களா?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு ட்ராயர திறக்கறேன். ஒரு ஈக்குத் தலை இல்ல. பக்கத்துலயே தரைல ஒரு தலை கிடக்கு. நான் என்ன நெனைப்பேன்? அதோடதுன்னுதான? விழுந்தத கேப்சூல்ல போட்டு அந்த ஊசிலயே குத்தி வைக்கணும்னு அப்போ எனக்குத் தெரியாது. திட்டுவாங்களேன்னு பயந்து பாலிஷ் வெச்சு அழகா ஒட்டிட்டேன். ஒட்டினதே தெரியல. எனக்குக் கைவேலை நல்லா வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒரு நாள் சுதீர் ஓடி வராரு. புது இனம்! புதுப் பேரினம்! பாலம்! அதுக்கு உங்க பேரையே வைக்கறேன்றாரு. நான் என்ன சொல்றது? சார், அது பாலம் இல்ல, பாலிஷ்னா?"

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்ததென்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"என் பேர்ல ரோடு இருக்கா? ஸ்கூல் இருக்கா? புருஷன் கூட என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுவாரு. உலகத்துல என் பேர்ல இருக்கறது ஒரே ஒரு ஈ. அதோட தலைய நீ டிஎன்ஏ பாத்தா அதுவும் போச்சு. அதான் எடுத்தேன்."

"அலறினது எதுக்கு மேடம்?"

"நானே பெட்டி திறந்து, தலை இல்லாததப் பாத்து, அலறலைன்னா சந்தேகம் வராதா?"

"பழி என் மேல வந்துச்சே!"

"பழசு, தானா ஒடைஞ்சுதுன்னு மூடிடுவாங்கன்னு நெனைச்சேன்மா. சத்தியமா. நீ தும்மினேன்னு ஒத்துக்குவன்னு நான் கனவா கண்டேன்? என் ப்ளான்லயே அது இல்ல!"

"தலை எங்க மேடம்? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மௌரீன் துடித்துப் போனார்.

"தூக்கிப் போடறதா? ஸ்பெசிமன! என்னை யாருன்னு நெனைச்ச? முறைப்படி ஜெலட்டின் கேப்சூல்ல போட்டு, பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"யாரும் கை வைக்காத எடம். என் மாத்திரை டப்பால. நெஞ்செரிச்சல் கேப்சூலோட கலந்து..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயோ! பெருமாள்சாமி!"

---

வாட்டர் ஃபில்டர் அருகே பெருமாள்சாமி. ஒரு கையில் டம்ளர். தலை அண்ணாந்திருந்தது.

நாக்கின் மேல் கேப்சூல்!

"சார்! முழுங்காதீங்க!"

"ம்?"

"துப்புங்க! துப்புங்க! அது தலை!"

"ம்ம்?"

டம்ளர் உதட்டைத் தொட்டது. சங்கமித்ரா பாய்ந்தாள். மௌரீன் அவளைவிட வேகமாகப் பாய்ந்தார். பெருமாள்சாமியின் முதுகில் ஓங்கி ஓர் அறை!

"தூ...!"

கேப்சூல் பறந்தது. சுவரில் மோதியது. உருண்டது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த சுதீரின் ஷூ முனையில் வந்து நின்றது.

"சார், அசையாதீங்க!" மூன்று பேரும் கத்தினார்கள்.

சுதீர் ஒற்றைக் காலில் நின்றார்.

சங்கமித்ரா மண்டியிட்டு இடுக்கியால் எடுத்தாள். ஜெலட்டின் பிசுபிசுத்துப் போயிருந்தது. உள்ளே ஒரு கருப்புப் புள்ளி.

முழுசாக!

"நான்... நான் என்ன முழுங்க இருந்தேன்?" பெருமாள்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷப் புகழ" என்றார் மௌரீன்.

---

உண்மையைக் கேட்டு முடித்தபோது சுதீர் நாற்காலியில் சரிந்திருந்தார். மூன்று மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாலம்... பாலம்னு எத்தனை நாட்டுல பேசினேன்... நெயில் பாலிஷா?"

"நல்ல கம்பெனி சார்" என்றார் மௌரீன். "இல்லைன்னா இத்தனை வருஷம் நிக்குமா?"

சுதீர் சட்டென்று எழுந்தார். கதவைத் தாழ் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சங்கமித்ரா. ஒண்ணு பண்ணு. மறுபடி ஒட்டிடு."

"சார்?"

"யாருக்குத் தெரியும்? நாலு பேருக்கு. தலை கிடைச்சாச்சு. உன் மேல கேஸ் இல்ல. மூணு மணிக்கு நீ பேசற. எல்லாரும் கை தட்டறாங்க. டாக்டர் சங்கமித்ரா!"

மௌரீன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். ரோஸ் கலர்!

"அதே ஷேடு" என்றார்.

பெருமாள்சாமி கூரையைப் பார்த்தார். "நான் இந்தப் பக்கம் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

சங்கமித்ரா பாட்டிலைப் பார்த்தாள்.

ஒட்டினால் நாளைக்கும் ரயில் உண்டு. ஆனால் தன் வம்சவரிசையில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள், அந்தப் பொய்யை எத்தனை முறை திரும்பிப் பார்ப்பாள்!

ஒட்டாவிட்டால்? மௌரீனியா இல்லை. சுதீர் இல்லை. பட்டத்துக்கு அவர் கையெழுத்து இல்லாமல் இவளும் இல்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள். "ஒரு தடவை பாத்துடறேன்."

"இன்னும் என்ன பாக்கணும்?"

"இந்தத் தலை யாரோடதுன்னு. அதோட உடம்பு இதே மியூசியத்துல எங்கயாவது இருக்கும்ல?"

தலையை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உணர்கொம்பின் கணுக்கள். கண்ணின் விளிம்பு. வாயுறுப்பு. அந்தப் பழைய குலத்து ஈப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. மௌரீன் எடுத்துக் கொடுக்க, அவள் பார்த்தாள். வைத்தாள். பார்த்தாள்.

இது இல்லை.

இதுவும் இல்லை.

இது நிச்சயமாக இல்லை!

"சங்கமித்ரா, டைம் ஆகுது..." சுதீர் நகத்தைக் கடித்தார்.

"சார்." அவள் நிமிர்ந்தாள். "தப்பா இருந்தாலும் இருக்கலாம்..."

"சொல்லு!"

"இல்ல. தப்பா இல்ல. இந்தத் தலை எதோடயும் சேரல சார். இந்தக் குலத்துல தெரிஞ்ச எந்த ஈக்கும் இந்த மாதிரி வாய் கிடையாது. இத்தனை வருஷமா எல்லாரும் உடம்பையும் சேத்து வெச்சே பாத்தோம். அதனால இந்தத் தலைய தனியா யாரும் பாக்கவே இல்ல. உடம்பு சாதாரண ஈ. ஆனா தலை..."

"தலை?"

"நெஜமாவே புதுசு!"

சுதீரின் வாய் பிளந்தது.

"ஹோலோடைப் ரெண்டு உயிரோட கலப்படம்னு தெரிஞ்சா, சம்பந்தமில்லாத பாகத்தை நீக்கிட்டேன்னு காரணத்தோட எழுதி வெளியிடலாம். சர்வதேச விதி இருக்கு சார். மிச்சம் எது இருக்கோ, பேரு அதுக்கு. எதை நீக்கறதுன்னு எழுதறவங்க முடிவு பண்ணலாம். தலைய நீக்கினா மௌரீனியா செத்துப் போச்சு. உடம்ப நீக்கினா..."

"என் பேரு இருக்குமா?" மௌரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கும் மேடம். பாலமா இல்ல. சொந்தமா ஒரு புதுக் கிளையா. டிஎன்ஏ-வும் பாத்துட்டா உறுதி. நீங்க ஒட்டின கதையும் அதுல வரும். அதை மறைக்க முடியாது."

"ஷேடு பேரையும் போடு" என்றார் மௌரீன். கண்ணில் நீர் வழிந்தது.

சுதீர் அறையை இரண்டு முறை சுற்றினார். மூன்றாவது சுற்றில் அவர் நடையில் டைரக்டர் திரும்பி வந்திருந்தார்.

"அற்புதம்! நாமதான் எழுதணும். சுதீர் அண்ட்..."

"சங்கமித்ரா அண்ட் சுதீர்" என்றாள் சங்கமித்ரா.

"ஹௌதா? அப்படியா?"

"ஹௌது சார். ஆமா."

அவள் தயங்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. திரும்பிப் போய்ச் சரிபார்க்கவே தோன்றவில்லை.

சுதீர் பெருமூச்சு விடப் போனார். பெட்டிகள் திறந்திருந்தன. மௌரீன் முறைத்தார். மூச்சை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

பெருமாள்சாமிக்குத்தான் மனசு ஆறவில்லை. கொலை இல்லை, திருட்டு இல்லை, கைது இல்லை. ஒரு கேஸ் இப்படியா முடியும்!

"அது சரி மேடம்... வெறும் தலை. கை இல்ல, கால் இல்ல, உடம்பே இல்ல. அதுக்கு ஒரு பேரு, தனி அலமாரி, சிவப்புச் சீட்டு, பூட்டு, காவலுக்கு நான் வேற. இது உங்களுக்கே நியாயமா படுதா?"

மௌரீன் டைரக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏன் மேன்... இந்த பில்டிங்ல தலையே இல்லாதவங்களுக்கு ஏசி ரூம் குடுத்திருக்காங்க. தலை இருக்கறதுக்கு ஒரு ட்ராயர் குடுக்கக் கூடாதா?"